ஒன்பதின்மர் ஆண்ட மலையூர்



இத்தாலி நாட்டின் நடுப்பகுதியில் தொஸ்கானா என்றொரு மாநிலம் உண்டு. அதன் தலைநகரான பிளாரன்ஸைப் பற்றி நீங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். மறுமலர்ச்சிக் காலம் என்றவுடன் நினைவுக்கு வரும் ஊர் அது. அதற்குத் தெற்கே, பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம் சென்றால், மூன்று குன்றுகளின் முதுகில் சியெனா என்னும் நகரம் தோன்றும். பிளாரன்ஸோடு சமமாக நின்று பொருது, ஒருமுறை பெருவெற்றி கண்டு, இறுதியில் அதற்கே அடங்கிப்போன நகரம் அது. வென்றவர் ஊரைப் பற்றிப் பேசுவோர் பலர் இருக்கின்றனர். நான் இன்று தோற்றவர் ஊரைப் பற்றிப் பேச எண்ணுகிறேன்.

ஏப்ரல் 25 இத்தாலியர்க்கு விடுதலை நாள். 1945ஆம் ஆண்டில் பாசிச ஆட்சியும் ஜெர்மானியப் படையின் ஆதிக்கமும் ஒழிந்ததைக் கொண்டாடும் விடுமுறை அது. நான் அந்நாட்டில் தங்கியிருந்தபோது அந்நாள் வெள்ளிக்கிழமையில் வந்தமையால் மூன்று நாள் தொடர்ந்து ஓய்வு கிடைத்தது. அம்மூன்று நாட்களையும் சியெனாவில் கழித்தேன். மூன்று நாள் ஒரு நகரத்தை அறியப் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். போதாதுதான். ஆனால் சியெனா சிறிய ஊர். கோட்டை மதிலுக்கு உட்பட்ட பழைய நகரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அரை மணியில் நடந்து கடந்துவிடலாம். ஏற்றமும் இறக்கமும் இல்லாவிடில் இன்னும் விரைவாகக் கடக்கலாம்.

மலைமேல் ஊர் அமைப்பது பகைவரிடமிருந்து காவலுக்கு நல்லது. ஆனால் குடிநீருக்கு எங்கே போவது? சியெனாவில் ஆறு கிடையாது. பிளாரன்ஸுக்கு ஆர்னோ ஆறு உண்டு. ரோமாபுரிக்குத் தைபர் உண்டு. சியெனாவுக்கு உள்ளதெல்லாம் மணற்பாறையில் கசிந்து இறங்கும் மழைநீர் ஒன்றே. இந்த ஒரு குறையை நிறைவு செய்வதற்காக அவ்வூரார் பட்ட பாட்டைத் தெரிந்துகொண்டால்தான் அவர்களுடைய வரலாறு விளங்கும் என்பது என் கருத்து.

அவர்கள் குன்றுகளுக்கு அடியில் சுரங்கங்களைக் குடைந்தனர். ஓர் ஆள் நிமிர்ந்தோ சற்றுக் குனிந்தோ நடந்து செல்லும் உயரம். மேலே வளைகூரை, தரையில் சிறு வாய்க்கால். பாறையிற் கசியும் துளிகள் அவ்வாய்க்காலில் விழுந்து, மிக மெல்லிய சாய்வில் நகரை நோக்கி ஊர்ந்து வரும். சாய்வு மிகுந்தால் நீர் சுவரை அரிக்கும், குறைந்தால் தேங்கும். நூற்றாண்டுக்கணக்கில் தோண்டிய இச்சுரங்கங்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். பொத்தீனி என்பது அவற்றின் பெயர். முன்கூட்டியே பதிவு செய்துகொண்டோரை இன்றும் சிறு குழுக்களாக உள்ளே அழைத்துச் செல்கின்றனர்.

இச்சுரங்கங்கள் வந்து முடியும் இடங்களில் பெரிய நீரூற்று மண்டபங்களைக் கட்டினர். அவற்றுள் புகழ் மிக்கது பொந்தெபிராந்தா. 1246ஆம் ஆண்டு கட்டிய மூன்று வளைவுகள் இன்றும் கோட்டை வாயில் போல நிற்கின்றன. நீரைப் பயன்படுத்தும் முறையும் ஒழுங்கானது. முதல் தொட்டி குடிநீருக்கு. அது நிரம்பி வழிவது கால்நடைகளுக்கு. அதிலும் மிஞ்சுவது துணி வெளுக்க. அதற்கும் அப்பால் ஓடுவது தோல் பதனிடுவோருக்கும் சாயத் தொழிலாளருக்கும். ஒரே நீர் நான்கு முறை பயன்பட்டது. குடிநீரை அழுக்காக்குவோரைத் தண்டிக்கச் சட்டமும் இருந்தது.

இவ்வளவு செய்தும் அவர்களுக்கு ஆசை அடங்கவில்லை. நகருக்கு அடியில் தயானா என்னும் மறைந்த ஆறு ஓடுவதாக நம்பி, அதைத் தேடிப் பொருளைச் செலவிட்டனர். பிளாரன்ஸ்காரராகிய மகாகவி தாந்தே தம் காவியத்தில் இந்தத் தேடலை எள்ளி நகையாடியிருக்கிறார். ஆற்றங்கரையில் பிறந்தவருக்கு அந்த எள்ளல் எளிது.

1340களின் தொடக்கத்தில் நகரின் நடுச்சதுக்கத்துக்கே தண்ணீர் வந்துவிட்டது. அன்று ஊரார் அடைந்த மகிழ்ச்சியினால் அந்த ஊற்றுக்கு ‘மகிழ்ச்சி ஊற்று’ என்ற பொருளில் பொந்தே காயா எனப் பெயரிட்டனர். அதைப் பற்றி ஒரு கதை உண்டு. பிற்காலச் சிற்பி கிபெர்த்தி அதை எழுதி வைத்திருக்கிறார். பூமியைத் தோண்டியபோது பழைய ரோமர் காலத்து வீனஸ் சிலையொன்று கிடைத்ததாம். ஊரார் வியந்து அதை ஊற்றின்மேல் நிறுத்தினர். பிறகு துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இந்த அயல்தெய்வமே காரணம் என்று சிலர் கூற, 1357ஆம் ஆண்டில் நகரவை கூடிச் சிலையை இறக்கும்படி தீர்மானித்தது. சிலையை உடைத்த துண்டுகளைப் பிளாரன்ஸ் எல்லைக்குள் கொண்டுபோய்ப் புதைத்தனர் என்பது கதையின் முடிவு. தீவினை பகைவர் மண்ணுக்குப் போகட்டும் என்ற எண்ணம்! ஊற்றுக்கு யாகோபோ தெல்லா குவெர்ச்சா செதுக்கிய சிற்பங்கள் 1419இல் நிறைவேறின. இன்று சதுக்கத்தில் நாம் காண்பவை 19ஆம் நூற்றாண்டுப் படிகள். மழையிலும் வெயிலிலும் தேய்ந்த மூலங்கள் உள்ளரங்கில் காப்பாற்றப்பட்டுள்ளன.

ஆறில்லாத இவ்வூர் எவ்வாறு செல்வம் பெற்றது? சாலையினால் என்றே சொல்ல வேண்டும். இங்கிலாந்திலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் ரோமாபுரிக்கு நடந்து செல்லும் யாத்திரிகர்களின் பாதை சியெனாவின் ஊடே சென்றது. யாத்திரிகர் இருக்குமிடத்தில் சத்திரம் தோன்றும். சத்திரம் இருக்குமிடத்தில் நாணயம் மாற்றுவோர் தோன்றுவர். 13ஆம் நூற்றாண்டில் சியெனாவின் வணிகர் போப்பாண்டவருக்கே கடன் கொடுக்கும் நிலையில் இருந்தனர். 1260ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் மோந்தாபெர்த்தி என்னுமிடத்தில் பிளாரன்ஸின் பெரும்படையை அவர்கள் முறியடித்தனர். அவ்வெற்றியை இன்றும் அவ்வூர் முதியவர்கள் நேற்று நடந்தது போலப் பேசுவதைக் கேட்டேன். ஒன்பது ஆண்டுகளுக்குள் கொல்லே என்ற ஊரில் தோற்றதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இனி ஆட்சிக்கு வருவோம். 1287 முதல் 1355 வரை, ஏறக்குறைய எழுபது ஆண்டுகள், ‘ஒன்பதின்மர்’ என்ற குழு சியெனாவை ஆண்டது. ஒன்பது பேர். பதவிக் காலம் இரண்டே மாதம். அந்த இரண்டு மாதமும் அவர்கள் அரண்மனையிலேயே தங்க வேண்டும்; அலுவல் காரணமின்றி வெளியே செல்லக் கூடாது. பதவி முடிந்தால் இருபது மாதம் கழியும்வரை மீண்டும் அமர முடியாது. பழைய பிரபுக் குடும்பத்தார்க்கு இடமில்லை. யாரும் நாற்காலியில் வேரூன்றிவிடக் கூடாது என்பதே இவ்விதிகளின் நோக்கம்.

ஆனால் மாணவர்கள் இதைக் குடியாட்சி என்று எண்ணிவிடலாகாது. ஒன்பதின்மர் நடுத்தர வணிகர்களும் பொற்காசு மாற்றுவோரும் ஆவர். கம்பளி நெய்வோனும் கல்லுடைப்போனும் அந்த அவைக்குள் கால் வைத்ததில்லை. பொதுப்பத்திரம் எழுதும் நோட்டரிகளுக்கும் இடம் மறுக்கப்பட்டது. 1318ஆம் ஆண்டில் இறைச்சி விற்போரும் நோட்டரிகளும் சில பிரபுக்களோடு சேர்ந்து கிளர்ச்சி செய்தனர். ஆட்சியாளர் அதை அடக்கிவிட்டனர். ஆகவே அது சிலருடைய ஆட்சியே. ஆயினும் அந்தச் சிலர் தங்களுக்குத் தாங்களே கடிவாளம் இட்டுக்கொண்டனர். வரலாற்றில் இது அடிக்கடி நிகழ்வதில்லை.

அவர்கள் செய்த காரியங்களில் ஒன்று என் மனத்தை மிகவும் கவர்ந்தது. அக்காலத்தில் இத்தாலிய நகரங்களின் சட்டங்கள் பெரும்பாலும் இலத்தீன் மொழியில் இருந்தன. 1309-10இல் சியெனா நகரத்தார் தங்கள் சட்டத் தொகுதி முழுவதையும் மக்கள் பேசும் மொழியில் பெயர்க்கச் செய்தனர். அதுமட்டுமா? எழுத்துப் பெரிதாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும், நல்ல ஆட்டுத்தோல் ஏட்டில் எழுத வேண்டும், இலத்தீன் அறியாத ஏழைகள் வந்து பார்க்கவும் படி எடுத்துக்கொள்ளவும் வேண்டும் என்று ஆணையிட்டனர். எழுத்தின் அளவைப் பற்றிக்கூட ஓர் அரசு கவலைப்பட்டிருக்கிறது! அந்த ஏடுகள் நகர ஆவணக் களரியில் இன்றும் உள்ளன. அதே களரியில் வரவு செலவுக் கணக்கு நூல்களின் மர அட்டைகளையும் வைத்திருக்கின்றனர். கணக்கு நூல் அட்டைக்குக்கூட ஓவியரை அமர்த்தி வண்ணச் சித்திரம் தீட்டுவித்த ஊர் அது. 1258ஆம் ஆண்டு அட்டையில் பொருளாளராக இருந்த துறவி ஒருவர் மேசைமுன் அமர்ந்திருக்கிறார். நகரப் பணத்தை வீடு வாசல் இல்லாத துறவியிடம் ஒப்படைப்பதில் அவர்களுடைய உலகியல் அறிவு வெளிப்படுகிறது.

கம்போ என்னும் நடுச்சதுக்கம் சிப்பி போல, அரண்மனையை நோக்கிச் சரிந்து விரிகிறது. செங்கல் தளத்தை வெள்ளைக் கற்கோடுகள் ஒன்பது கூறுகளாகப் பிரிக்கின்றன. ஒன்பதின்மரின் நினைவு அது. சதுக்கத்தைப் பார்த்த வீடுகளின் சாளரங்கள் சிறு தூண்கள் உடையனவாக ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று 1297இலேயே விதி செய்தனர். அந்த ஒழுங்கைக் கண் இன்றும் உணர்கிறது.

அரண்மனைக்குள் சனிக்கிழமை காலை முழுவதையும் ஒரே அறையில் கழித்தேன். ஒன்பதின்மர் கூடி ஆலோசனை செய்த அறை அது. 1338-39ஆம் ஆண்டுகளில் அம்புரோஜியோ லொரென்செத்தி என்னும் ஓவியர் அதன் மூன்று சுவர்களில் சுதைச் சித்திரம் தீட்டினார். நான்காம் சுவரில் சாளரம். அந்நாளில் அரசவையை அலங்கரிக்கும் ஓவியம் என்றால் அரசனின் வெற்றியோ தெய்வ உருவமோ இருக்கும். அடுத்த அறையிலேயே சிமோனே மார்த்தினி 1315இல் தீட்டிய கன்னி மரியாள் தேவியாக வீற்றிருக்கிறாள். இந்த அறையில் தீட்டப்பட்ட பொருளோ நல்லாட்சியும் தீயாட்சியும்.

சாளரத்துக்கு எதிர்ச்சுவரில் நல்லாட்சி. நகரத்தின் கறுப்பு வெள்ளை உடையணிந்த முதியவர் ஒருவர் கொலுவிருக்கிறார். மற்றொரு பக்கம் நீதித் தேவி. அவளுடைய துலாக்கோலிலிருந்து இறங்கும் கயிறுகளை, கீழே அமர்ந்த ஒற்றுமைத் தேவி ஒன்றாக்கி, வரிசையாக நிற்கும் 24 குடிமக்களின் கையில் கொடுக்கிறாள். அவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு முதியவரை நோக்கிச் செல்கின்றனர். ஒற்றுமைத் தேவியின் மடியில் ஒரு தச்சனின் இழைப்புளி இருக்கிறது. மேடுபள்ளத்தைச் சமன்செய்வதற்கு! இதை ஓவியர் விளையாட்டாக வைத்தாரா, கண்டிப்பாக வைத்தாரா என்று நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். அமைதித் தேவி கழற்றிப் போட்ட கவசங்களின்மேல் சாய்ந்து இளைப்பாறுகிறாள்.

வலப்பக்கச் சுவரில் நல்லாட்சியின் பயன். கொத்தர்கள் சாரத்தின்மேல் நின்று வீடு கட்டுகின்றனர். செருப்புக் கடை நடக்கிறது. ஆசிரியர் பாடம் சொல்கிறார். பெண்ணொருத்தி தம்பட்டம் தட்ட, தெருவில் கைகோத்து ஆடுகின்றனர். கோட்டை வாயிலுக்கு வெளியே அறுவடையும் சூடடிப்பும். வழிப்போக்கர் அச்சமின்றிச் செல்கின்றனர். அவ்வயல்களின்மேல் பாதுகாப்புத் தேவி பறக்கிறாள். அவள் கையில் ஒரு தூக்குமரம், அதில் ஒரு குற்றவாளி தொங்குகிறான். நல்லாட்சியின் சித்திரத்திலும் தூக்குமரத்தை மறைக்காமல் வைத்த ஓவியரின் நேர்மையை நான் மெச்சுகிறேன்.

எதிரே தீயாட்சி. கொம்பும் கோரைப்பல்லும் கொண்ட கொடுங்கோலன். தலைமேல் பேராசையும் செருக்கும் வீண்பெருமையும். நீதித் தேவி கட்டுண்டு தரையில் கிடக்கிறாள். ஊரில் வீடுகளை இடிக்கின்றனர். போர்வீரர் ஒரு பெண்ணைப் பற்றி இழுக்கின்றனர். கடைகளுள் ஒன்றே ஒன்று வேலை செய்கிறது: அது படைக்கலம் செய்யும் கொல்லன் கடை. இச்சுவர் மிகவும் சிதைந்துவிட்டது. ஒன்பதின்மர் எந்தப் பக்கம் திரும்பினாலும் இவற்றுள் ஒன்று கண்ணில் பட்டிருக்கும். வரி விதிக்கும்போதும், போர் தொடுக்கும்போதும், ஒருவனுக்குத் தண்டனை கூறும்போதும் இச்சுவர்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

சித்திரம் முடிந்து ஒன்பதே ஆண்டுகள் கழிந்தன.

இங்கே மாதா கோயிலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கறுப்பும் வெள்ளையுமான சலவைக்கல் வரிகளால் ஆன பெரிய கோயில் அது. தூச்சோ என்னும் ஓவியர் அதன் பீடத்துக்குப் பெரும்படம் ஒன்றை எழுதி முடித்தபோது, 1311ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள், கடைகளை அடைத்து, மணிகளை ஒலித்து, ஒன்பதின்மர் உட்பட ஊரே மெழுகுவத்தி ஏந்தி அப்படத்தை ஊர்வலமாக எடுத்துச் சென்றது. அந்தக் கோயிலும் தங்களுக்குப் போதாது என்று 1339இல் நகரத்தார் தீர்மானித்தனர். இருக்கும் கோயிலைக் குறுக்குக் கூடமாக வைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் மாபெரும் நடுக்கூடம் ஒன்றை எழுப்பத் தொடங்கினர். சுவர்கள் எழுந்தன, முகப்பும் எழுந்தது.

1348ஆம் ஆண்டு மே மாதத்தில் கொள்ளைநோய் வந்தது. ஐரோப்பா முழுவதையும் வாட்டிய ‘கரிய சாவு’ சியெனாவை மிகக் கடுமையாகத் தாக்கியது. மக்களில் பாதிக்கு மேல் மாண்டனர் என்பது பலர் கணிப்பு. அக்னோலோ தி தூரா என்ற நகரவாசி அந்நாட்களைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். தந்தை மகனைக் கைவிட்டதையும், சாவுமணி ஒலிக்காததையும், அழுவாரும் இல்லாததையும் அவர் குறிப்பிடுகிறார். தம் ஐந்து மக்களையும் தம் கையாலேயே புதைத்ததாக ஒரு வரி எழுதிவிட்டு மேலே செல்கிறார். இறந்தோர் தொகையாக அவர் தரும் எண் மிகப் பெரிது. ஆராய்ச்சியாளர் அதை ஏற்பதில்லை. ஐந்து என்ற எண்ணை ஐயுறுவார் இல்லை.

அவ்வாண்டுக்குப் பின் ஓவியர் லொரென்செத்தியைப் பற்றிய செய்தி எதுவும் கிடைக்கவில்லை. அவரும் கொள்ளைநோய்க்கே இரையானார் என்பர். கோயில் வேலை நின்றது. கட்டியவற்றிலும் பழுது கண்டு 1357இல் சிலவற்றை இடிக்கவேண்டியதாயிற்று. முடியாத முகப்பு மட்டும் வெற்று வானத்துக்குக் கதவு வைத்தாற்போல நிற்கிறது. அதன் உள்ளிருக்கும் குறுகிய சுழற்படியில் ஏறி நான் உச்சிக்குச் சென்றேன். ஒருபுறம் சதுக்கமும் உயர்ந்த மணிக்கோபுரமும். மறுபுறம் லொரென்செத்தி தீட்டிய அதே வயல்களும் குன்றுகளும். கீழே, கூடமாக வேண்டிய இடத்தில் ஊர்திகள் நின்றன.

1355இல் ஜெர்மானியப் பேரரசர் நான்காம் சார்லஸ் நகருக்கு வந்த சமயம், பிரபுக்களும் எளிய மக்களும் சேர்ந்து ஒன்பதின்மரை வீழ்த்தினர். அடுத்த இருநூறு ஆண்டுகளில் ஆட்சிகள் பல மாறின. அவற்றை விரித்தால் பொழுது போதாது. ஒன்று மட்டும் கூறுவேன். கோயிலுக்கு எதிரே சாந்தா மரியா தெல்லா ஸ்காலா என்ற தர்ம மருத்துவமனை இருந்தது. யாத்திரிகர்க்குப் படுக்கையும், நோயாளிக்கு மருந்தும், கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு வீடும் அதுவே. 1440களில் அதன் சுவர்களில் தீட்டிய சித்திரங்களில் மருத்துவர் காயத்தைக் கழுவுகிறார். செவிலித்தாய் குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையில் அச்சித்திரங்களின் கீழேயே நோயாளிகள் படுத்திருந்தனர். எழுத்தாளர் இத்தாலோ கால்வினோ 1985இல் அங்கேதான் உயிர் நீத்தார். இப்போது அது காட்சிச்சாலை.

1554ஆம் ஆண்டு பிளாரன்ஸின் கோமகன் கோசிமோ தே மெதிச்சியின் படையும் ஸ்பானியப் பேரரசப் படையும் நகரை முற்றுகையிட்டன. உள்ளே பிரெஞ்சுத் தளபதி மோன்லுக் காவலிருந்தார். மதில் வேலைக்குப் பெண்களும் மண் சுமந்து வந்ததை அவர் தம் நினைவுக் குறிப்பில் வியந்து பாராட்டுகிறார். உணவு குறைந்தது. போரிட இயலாதவர்கள் வெறும் வாய்கள் எனக் கணக்கிடப்பட்டு மதிலுக்கு வெளியே துரத்தப்பட்டனர். முற்றுகையிட்டோர் அவர்களை அப்பாலும் போகவிடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவே புல்லைத் தின்று பலர் மாண்டனர். அந்தத் தர்ம மருத்துவமனை வளர்த்த அநாதைக் குழந்தைகளும் வெளியே அனுப்பப்பட்டோருள் இருந்தனர். நல்லாட்சியின் சித்திரத்துக்கும் அந்த மதிலுக்கும் இடையே தூரம் மிகுதியில்லை. சுதந்திரத்தைக் காக்க நிகழ்ந்த செயல் இது என்பர். நான் தீர்ப்புக் கூற மாட்டேன். ஆனால் சியெனாவின் பெருமையை எழுதுவோர் பலர் இவ்விடத்தை விரைந்து கடப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

1555 ஏப்ரலில் நகரம் பணிந்தது. அடிமை வாழ்வை விரும்பாத சில நூறு குடும்பங்கள் தெற்கே மோந்தால்சினோ என்ற மலையூருக்குச் சென்று, அங்கே சியெனாக் குடியரசு என்ற பெயரை மேலும் நான்கு ஆண்டு காத்தன. 1559இல் அதுவும் முடிந்தது. வென்ற கோசிமோ எழுப்பிய கோட்டையின் மேல்தளத்தில் இன்று குழந்தைகள் பந்தாடுகின்றனர். முதியவர்கள் மாலையில் உலாவுகின்றனர்.

அரசு போனபின் ஊராரிடம் எஞ்சியது பேட்டைகளே. கொன்ட்ராடா என்று அவர்கள் வழங்குவதை நாம் பேட்டை என்றே சொல்லலாம். நத்தை, வாத்து, முள்ளம்பன்றி, ஆந்தை, பெண் ஓநாய் என விலங்கின் பெயர் கொண்டவை பல. பேட்டைகள் பதினேழு என்ற எண்ணும் எல்லைகளும் 1730ஆம் ஆண்டுக் கட்டளையால் உறுதியாயின. ஆண்டுதோறும் ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய நாட்களில், பேட்டைக்கு ஒரு குதிரையாக, பத்துக் குதிரைகள் கம்போவை மூன்று முறை சேணமின்றிச் சுற்றி ஓடும். பந்தயம் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஏறியவன் விழுந்தாலும் குதிரை முதலில் வந்தால் வெற்றியே.

நான் சென்றது பந்தய காலமன்று. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு சந்தில் சிறுவர் சிலர் முரசு பழகிக்கொண்டிருந்தனர். பத்து வயதிருக்கும் ஒருவன் கொடியை மேலே எறிந்து பிடிக்க முயன்றான். கொடி ஒவ்வொரு முறையும் நழுவியது. திண்ணையிலிருந்த கிழவர் எழுந்து வந்து அவன் மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். ஒவ்வொரு பேட்டைக்கும் சொந்தமாக ஒரு சிறு நீரூற்று உண்டென்றும், கோயிலில் பெற்ற ஞானஸ்நானம் தவிர அவ்வூற்று நீரிலும் குழந்தைகளுக்குப் பேட்டையின் தீட்சை உண்டென்றும் அவர் சொன்னார். அச்சிறுவன் அதற்குள் மீண்டும் கொடியை எறிந்திருந்தான்.